ஸ்விட்ச் எந்தப் பக்கம்

ஜூன் 6

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் இங்கே சுகம். பள்ளி திறந்துவிட்டது, விடுதியில் மறுபடியும் காது கிழிகிறது. அங்கே நீங்கள், அக்கா, வாலு மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சீருடை தைக்கும் காலம், உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது என்று தெரியும். தெரிந்தே ஒரு வேலை வைக்கிறேன், திட்டாதீர்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று போன தடவை வந்தபோது சொன்னேன் அல்லவா? மூன்று பாடம் முடித்துவிட்டேன். சக வாத்தியார்களிடம் காட்டினால் பச்சை மையில் 'நன்று' என்று எழுதித் திருப்பித் தருகிறார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. புரியாவிட்டால் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு வாயாடி வேண்டும். அது நம் வீட்டிலேயே வளர்கிறதே. என் மருமகள் வாலுவிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பார்சலில் டார்ச் பாட்டரி, பல்பு, வயர், தகரத்தை வளைத்து நான் செய்த ஒரு ஸ்விட்ச் எல்லாம் இருக்கின்றன.

மூன்றாம் பாடத்தை மட்டும் நீங்களும் படிக்க வேண்டும். வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்கிறார்கள். மின்சாரம் குழாய்த் தண்ணீர் மாதிரி பாட்டரியில் புறப்பட்டுப் பல்புக்கு வந்து சேர்கிறதாம். அதனால் ஸ்விட்ச் பல்புக்கு முன்னால்தான் இருக்க வேண்டுமாம், பின்னால் வைத்தால் பல்பு அதற்குள் குடித்துவிடுமாம். அதை உடைக்க இப்படி எழுதினேன்: "ஸ்விட்சைப் பல்புக்கு இந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள். அடுத்து அந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பல்பு அணைகிறதா? மின்சாரம் ஓட ஒரு முழு வளையம் வேண்டும். வளையம் எந்த இடத்தில் அறுந்தாலும் ஓட்டம் எல்லா இடத்திலும் நின்றுவிடும். ஆகவே ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்." கடைசி வரியை எழுதி முடித்தபோது என் முதுகை நானே தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நின்றபடியே துணி வெட்டி வெட்டிக் காலை வீங்க வைத்துக்கொள்கிறாள்.

உங்கள் அன்பு மச்சான்

*

ஜூன் 19

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் பார்சலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம், உன் அக்காவின் கால் உட்பட. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பாட்டரியையே தின்றுகொண்டிருக்கிறாயா?

கடிதத்தை வழக்கம்போலக் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். உன் அக்கா கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள். தைக்க வரும் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், அதனால் எனக்கு நஷ்டம். படித்து முடித்ததும் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பல்புக்கு அந்தப் பக்கம் ஸ்விட்சை வைத்தால் எப்படி அணையும், உன் மாமன் சும்மா அளக்கிறான் என்று வாலுவிடம் சொன்னேன். உன் மருமகள் வெட்டு மேசை மேலேயே கடை பரப்பி, இந்தப் பக்கம் வைத்து அணைத்தாள், அந்தப் பக்கம் வைத்து அணைத்தாள், அத்தனை பெண்கள் முன்னால் என் மூக்கை உடைத்தாள். இந்த வயதில் ஒரு புது விஷயம் தெரிந்துகொண்டதில் எனக்கும் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வாலு சொல்லச் சொன்ன குறை: இரண்டாம் பாடத்துப் படத்தில் அம்புக்குறிகள் பாட்டரிக்கு வெளியே மட்டும் ஓடுகின்றன, உள்ளே ஓடவில்லை. முழு வளையம் என்று நீயே சொல்லிவிட்டு உள்ளே ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்கிறாள். உன் அக்கா சொல்லச் சொன்னது: இவளுக்குக் கணக்கு வரவில்லை, அதற்கு ஒரு புத்தகம் எழுதினால் புண்ணியமாகப் போகும்.

அன்புடன்,
அத்தான்

*

ஜூன் 27

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல். பாட்டரிக்குள்ளேயும் அம்பு போட்டுவிட்டேன். நான் பத்து வருஷமாக அந்தப் படத்தைப் பலகையில் வரைகிறேன், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வாலுவின் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஆகஸ்டு கடைசியில் அச்சுக்குப் போகிறது. வேறு ஏதாவது இடித்தால் எழுதுங்கள்.

மச்சான்

*

ஜூலை 11

அன்பு மச்சானுக்கு,

இங்கே யாவரும் சுகம். அங்கே மழை என்று கேள்விப்பட்டேன், விடுதிக் கூரை ஒழுகவில்லையே?

உன் பாடம் எனக்கு ஒரு வேலையை மிச்சம் பண்ணியது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வெட்டு மேசைக்கு மேலே தொங்குகிறதே பெரிய விளக்கு, அதன் ஸ்விட்ச் அலமாரிக்குப் பின்னால் இருந்தது உனக்குத் தெரியும். தைத்து அடுக்கிய சீருடை மூட்டைகளுக்கு நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு போய்த்தான் அதைப் போட வேண்டும். என் வயிறு இப்போது எக்கினாலும் எக்குவதில்லை. வயர்மேனைக் கேட்டால் சுவரைக் கொத்த வேண்டும், அடுத்த மாதம் வருகிறேன் என்று பிகு பண்ணினார். அப்போதுதான் உன் வரி ஞாபகம் வந்தது. விளக்குக்குப் போகிற இரண்டு வயரும் வாசல் நிலைக்கு மேலே மரச்சட்டத்தில்தானே ஓடுகின்றன? மெயினை இறக்கிவிட்டு, கைக்கு எட்டின வயரை வெட்டி, கதவுக்குப் பக்கத்தில் புது ஸ்விட்சை மாட்டினேன். பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டேன். மெயினைப் போட்டதும் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்று நீ எழுதியது உண்மைதான். தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உன் அக்கா மட்டும் புதுசாக ஒரு புகார் வைத்திருக்கிறாள். விளக்கை அணைத்துவிட்டுத்தான் அதற்கு மேலே கவிழ்த்த தகரக் குடையில் பஞ்சுத் தூசி துடைக்கிறாளாம். அப்போதும் விரல் நுனியில் சுள்ளென்று கடிக்கிறதாம். அணைந்த விளக்கு கடிக்குமா? கடிக்கிறது சரி, குரைக்கவும் செய்கிறதா என்று கேட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு தாமதம்.

அன்புடன்,
அத்தான்

*

ஜூலை 19

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம், நீங்கள் மூவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. கூரை ஒழுகுகிறது, அதன் கீழே வாளி வைத்திருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை இடைவேளையில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை வாத்தியார் டீயைக் கொட்டிக்கொண்டார். என் புத்தகத்துக்கு முதல் வாசகர் நீங்கள், முதல் பட்டதாரியும் நீங்கள்தான். அக்காவிடம் சொல்லுங்கள், அணைந்த விளக்கு கடிக்காது. வளையம் அறுந்துவிட்டது, ஓட்டம் நின்றுவிட்டது, மூன்றாம் பாடத்தை அவளும் ஒரு தடவை படிக்கட்டும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து, கூடவே என்னையும் காலைப் பிடித்து இழுத்தவள்தானே? 'பயந்தாங்கொள்ளி' என்று அப்பா வைத்த பட்டம் இன்னும் செல்லுபடியாகிறது என்று சொல்லுங்கள். இதைப் பெண்கள் முன்னால் சத்தமாகப் படிக்கவும்.

மச்சான்

*

ஜூலை 22

அத்தானுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் விசாரிக்க எனக்கு இப்போது மனசு ஓடவில்லை.

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். "மெயினை அணைக்கவும். பல்பைத் தொடாதீர்கள்" என்று கொடுத்திருக்கிறேன். அது கைக்கு வந்திருந்தால் இதற்குள் செய்திருப்பீர்கள். செய்யவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் மெயினை இறக்கிவிட்டு வந்து மேலே படியுங்கள்.

இன்று ஆறாம் பாடத்துக்குப் படம் போட உட்கார்ந்தேன். வீட்டு மின்சாரம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நடுவில் விளக்கு. ஸ்விட்சை வரையப் பென்சில் தானாகச் சிவப்புக் கோட்டுக்குத்தான் போனது. ஏன் கறுப்புக்குப் போகவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டபோது உங்கள் வாசல் நிலை கண் முன்னால் வந்தது. பென்சிலைப் போட்டுவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன்.

அத்தான், பாட்டரியில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வீட்டில் அப்படி இல்லை. இரண்டு வயரில் ஒன்றைக் கம்பத்துப் பக்கத்திலேயே மண்ணோடு இணைத்துவிட்டிருக்கிறார்கள். தள்ளுகிற விசை முழுவதும் மற்றதில், அந்தச் சிவப்பில், இருக்கிறது. ஸ்விட்ச் அந்த விசை வரும் வயரில் இருந்தால், அணைத்ததும் விசை ஸ்விட்சோடு நின்றுவிடும், விளக்கில் ஒன்றும் இருக்காது. மண்ணோடு சேர்ந்த வயரில் ஸ்விட்சை வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஓட்டம்தான் நின்றிருக்கும். விசை பல்பு மாட்டும் ஹோல்டர் வரை வந்து, போக வழி கிடைக்காமல் காத்துக்கொண்டு நிற்கும். நிலத்தில் நிற்கிற ஒருவர் தொட்டால் அவர்தான் வழி.

அக்கா சொன்னது நிஜம். அது கடிக்கத்தான் செய்யும். தகரக் குடையில் கொஞ்சம் கசிந்ததால் சுள்ளென்றதோடு விட்டது. ஹோல்டரின் பித்தளையைக் கையால் பிடித்தால் என்ன ஆகும் என்று எழுத என்னால் முடியவில்லை. நீங்கள் வெட்டினது எந்த வயர்? வயர்மேனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். உடனே இரண்டு வரி பதில் போடுங்கள்.

மச்சான்

*

ஆகஸ்டு 1

அன்பு மச்சானுக்கு,

தந்தியும் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வயர்மேன் வந்து ஸ்விட்சைச் சரியான வயருக்கு மாற்றிவிட்டார். டெஸ்டர் வைத்துக் காட்டினார், இப்போது விளக்கை அணைத்தால் ஹோல்டரில் டெஸ்டர் எரியவில்லை. ஆகவே நீ கவலைப்பட வேண்டாம்.

இங்கே நானும் வாலுவும் நலம். சீருடை வேலை நடக்கிறது. துணி வெட்டுவதற்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வைத்திருக்கிறேன். மழை பரவாயில்லை. புத்தகம் நல்லபடியாக வரட்டும்.

அத்தான்

*

ஆகஸ்டு 6

அத்தானுக்கு,

வணக்கம்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் ஒரு கிண்டல் இல்லை. என்னைப் பட்டதாரி, மடையன், ஒன்றுமே சொல்லவில்லை. அதைக்கூட வேலைப் பளு என்று விட்டுவிடுவேன். "நானும் வாலுவும் நலம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அக்கா எங்கே? கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எழுதின ஒரு கடிதத்திலும் அவள் விட்டுப்போனதில்லை. அவள் காலைக்கூடத் தனியாக நலம் என்று எழுதுகிறவர் நீங்கள். யாராவது தொட்டால் கத்தரி மொக்கையாகிவிடும் என்று உங்களையே கிட்ட விடாதவள், வெளியாளைத் தன் மேசையில் நிற்க விடுகிறாளா? வயர்மேன் வந்தார் என்று எழுதினீர்கள், எப்போது வந்தார் என்று எழுதவில்லை. தந்திக்கு முன்னாலா, பின்னாலா? எதற்காக வந்தார்?

இங்கே விடுதி முழுவதும் என் தலையில் கிடக்கிறது, மாற்று ஆள் வராமல் நகர முடியாது. ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் யாரையும் கேட்காமல் ரயில் ஏறுவேன். பூசி மெழுகாமல் எழுதுங்கள். என் அக்கா உயிரோடு இருக்கிறாளா?

மச்சான்

*

ஆகஸ்டு 14

அன்பு மச்சானுக்கு,

இருக்கிறாள். முதலில் அதைப் படி. நேற்றுக்கூட என்னைத் திட்டினாள்.

நலம் என்று அவளைச் சேர்த்து எழுதப் பேனா ஓடவில்லை. நடந்ததை எழுதவும் ஓடவில்லை. அதனால் விட்டுவிட்டேன். நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்று நினைத்தது என் மடத்தனம்.

உன் தந்தி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த விளக்கின் பல்பு போய்விட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய மூட்டை அரைகுறையாகக் கிடந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டேன், ஏறி மாற்று என்று உன் அக்காவிடம் நான்தான் சொன்னேன். மேசை மேல் ஏறினாள். விழுந்துவிடாமல் இருக்க இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் ஹோல்டரின் பித்தளைக் கழுத்தைப் பிடித்தாள். சத்தம்கூடப் போடவில்லை மச்சான். கை விடாமல் அப்படியே நின்றாள். வாலுதான் ஓடிப்போய் மெயினை இறக்கினாள், நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மெயினை இறக்கியதும் மேசையிலிருந்து கீழே விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தும் முதலில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. அந்த நேரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதே. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டில் இருக்கிறது. கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தீப்புண் ஆறிவருகிறது, ஆனால் தொட்டால் தெரியவில்லை என்கிறாள். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். உனக்கு எழுதக்கூடாது என்று அவள்தான் சொன்னாள், உன் புத்தகம் நின்றுவிடுமாம். வாலு நீ அனுப்பிய சாமான்களைப் பெட்டிக்கு அடியில் போட்டு மூடிவிட்டாள். ஒரு ஸ்விட்சைத் தொடுவதில்லை. நாங்கள் வந்து விளக்குப் போடுகிறவரை இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தப்பு முழுவதும் என்னுடையது. நீ பாட்டரிக்கு எழுதினதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். நானே ஏறச் சொன்னேன். உன் மேல் ஒரு பழியும் இல்லை, இதை மனசில் நன்றாகப் போட்டுக்கொள்.

அத்தான்

*

ஆகஸ்டு 20

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா தேறி வர வேண்டும். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

நீங்கள் எத்தனை தடவை எழுதினாலும் பழி என்னுடையதுதான். பாட்டரிக்கு மட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். எழுதின கையே வெட்கப்படுகிறது. பதிப்பாசிரியரிடம் போய் அச்சை நிறுத்தச் சொன்னேன். அவர் மூன்றாம் பாடத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் தப்பு ஒன்றும் இல்லையே, நூற்றுக்கு நூறு சரிதானே என்றார். சரியான வரியால் ஒரு மனுஷி செத்திருப்பாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பாடத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி நான் பிள்ளைகளுக்கு எதுவும் எழுதப்போவதில்லை.

மாற்று ஆள் அடுத்த மாதம் வருகிறார், அன்றே புறப்பட்டு வருகிறேன். வாலுவிடம் அவள் மெயினை இறக்கியதைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை, நேரில் சொல்கிறேன். அக்கா என் மேல் கோபமாக இருக்கிறாளா? என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.

மச்சான்

*

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், இந்த வீட்டில் மற்றவர்களை விட்டால் சரியாகச் சொல்ல மாட்டார்கள். நீ சரியாகச் சாப்பிடாமல் இருப்பாய் என்று எனக்குத் தெரியும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படி. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து எட்டுத் திசைக்கும் ஓடும், மதிப்பெண் போட வேண்டாம்.

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய். கேட்டதற்கு நன்றி. அதை அவரிடம் கேட்டிருக்கிறாய்.

உன் அத்தான் எழுதினதில் ஒரு பொய் இருக்கிறது. கடிதத்தைக் கவரில் போடுவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினார், அந்த இடத்தில் மட்டும் குரலை விழுங்கினார். நான் வாங்கிப் பார்த்தேன். அவர் என்னை ஏறச் சொல்லவே இல்லை. பல்பு போனதும் மேசையில் காலை வைத்தவர் அவர்தான். அவரைப் பிடித்து இறக்கிவிட்டு நான் ஏறினேன். ஏன் என்று உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நீ தாங்க மாட்டாயாம். தாங்குவாய், நீ என் தம்பி.

அன்று காலைத் தபாலில்தான் உன் கடிதம் வந்தது. அந்தச் சிரித்த கடிதம். பெண்கள் முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருந்தாய், படித்தார். அணைந்த விளக்கு கடிக்காது, பயந்தாங்கொள்ளி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவள், எல்லாம். மிஷின்கள் எல்லாம் நின்றன, அத்தனை பேரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள். பெரியவர்கள் சிரித்ததை நான் மறந்திருப்பேன், என் பெண் சிரித்தது ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க வெட்டுகிற துணியில் கோடு தெரியவில்லை. சாயங்காலம் பல்பு போனபோது அவர், "நீ தள்ளு, உனக்குத்தான் அது கடிக்குமே" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், நான் ஏறிவிட்டேன்.

ஏறும்போது எனக்குப் பயம் இருந்தது தம்பி. கையை நீட்டும்போதும் இருந்தது. என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நானும் உன் அத்தான் மாதிரி ஆகிவிடுவேன். புத்தகத்தில் இருக்கிற வரிக்காக இல்லை. அது சரியான வரி என்று படித்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். கடிக்கிறது என்று நான் சொன்னேன். என் விரல், என் வலி. அதை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் எத்தனை கடிதம் எழுதிக்கொண்டீர்கள், முதலில் சிரிப்பாக, பிறகு பயமாக, பிறகு பழியைப் பங்கு போட்டுக்கொண்டு. ஒருவராவது என்னிடம் வந்து, எங்கே கடித்தது, எப்போதிலிருந்து கடிக்கிறது என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அந்த விளக்கு வந்த நாளிலிருந்து நான்தான் துடைக்கிறேன், ஸ்விட்சைக் கதவுப் பக்கம் மாற்றின மறுநாளிலிருந்துதான் கடிக்கிறது என்று. உனக்கு அது போதுமாக இருந்திருக்கும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு படம் போடுகிறவரை காத்திருந்திருக்க வேண்டாம்.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது வேலையைப் பார்ப்போம்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு மடங்குகிறது. ஆள்காட்டி விரலில் கொஞ்சம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, நல்ல அறிகுறியாம். கட்டை விரல் அப்படியேதான். கத்தரிக்குள் விரல் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். புது ஆள் நன்றாகத்தான் வெட்டுகிறான், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வாலுவைப் பற்றி. நேற்று இருட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஸ்விட்சை நம்பினதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்றாள். மெயினும் ஒரு ஸ்விட்ச்தானே, அதை நீ இறக்கினதால்தானே நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.

புத்தகத்தை நீ விடக்கூடாது. பாடத்தையும் எடுக்கக்கூடாது. நீ எழுதாமல் இருந்துவிட்டால் வீடுகளில் வயரை வெட்டுகிறவர்கள் வெட்டாமல் இருந்துவிடுவார்களா? பாட்டரிக்கு எது உண்டு, வீட்டுக்கு எது இல்லை என்று கொட்டை எழுத்தில் போடு. அதற்குக் கீழே, வீட்டில் யாராவது ஒரு சாமான் கடிக்கிறது என்று சொன்னால் சிரிக்காதே, எங்கே, எப்போதிலிருந்து என்று கேள் என்று போடு. அதை எழுதினால்தான் உன் மேல் இருக்கிற கோபம் தணியும். எழுதாமல் இங்கே வந்து என் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காராதே.

பதில் எழுது. எனக்கு எழுது, கவரின் மேல் என் பெயரைப் போட்டு. உன் அத்தான் கேட்டால் நான் படித்துக் காட்டுகிறேன்.

அக்கா